உள்ளிருந்து தின்னும் குடும்பம்

நெல்லில் குருத்துப்பூச்சி, கரும்பில் இளங்குருத்துப்புழு, கத்தரியில் காய்ப்புழு, துவரையில் புள்ளிக் காய்ப்புழு, அரிசி மூட்டையில் நூலாம்படை கட்டும் புழு, தேனடையைச் சல்லடையாக்கும் மெழுகுப்புழு. வேளாண் கையேடுகளில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு அத்தியாயத்தில், அந்தந்தப் பயிரின் எதிரியாக வந்துபோகின்றன. எந்த மருந்தை எத்தனை மில்லி கலந்து அடிப்பது என்ற வரியோடு பேச்சு முடிந்துவிடும். இவை அனைத்தும் பைராலாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்தின் உறுப்பினர்கள் என்பது விவசாயிக்கும் தெரியாது, பல நேரங்களில் மருந்து விற்பவருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நிறைய ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தப் பூச்சிகள் ஏன் இத்தனை பயிர்களில் தொல்லையாயின, தெளிக்கும் மருந்து ஏன் அடிக்கடி தோற்கிறது, எந்த வழிகள் ஏன் வெல்கின்றன என்ற கேள்விகளுக்கு விடை இந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. இவற்றின் புழுக்கள் மறைவில் வாழ்பவை. தாம் தின்னும் பொருளுக்குள்ளேயே, அல்லது தாமே நூற்ற பட்டுக் குழாய்க்குள், வெயிலும் மழையும் பறவையின் அலகும் எட்டாத இடத்தில் வளர்பவை. அந்த வாழ்க்கையை இனம் இனமாக அறியாமல் செய்யும் பயிர்ப் பாதுகாப்பு வெறும் ஊகமாகத்தான் இருக்கும்.

முதலில் அடையாளம். விளக்கருகே வந்து உட்காரும் இந்தச் சிறு அந்துப்பூச்சிகளில் பலவற்றின் தலையை உருப்பெருக்கியில் பார்த்தால் முன்னே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது உண்மையில் மூக்கல்ல. கீழுதட்டின் இரு உணர்நீட்சிகள் செதில்கள் அடர்ந்து முன்னோக்கி நிற்பதால் அப்படித் தெரிகிறது. ஆனால் குடும்பத்தின் நம்பகமான அடையாளம் தலையில் இல்லை, வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே முன்பகுதியில் ஒரு சோடிச் செவிகள் உண்டு. வௌவால் எழுப்பும் மீயொலியைக் கேட்டு விலகிப் பறக்க அவை உதவுகின்றன. இந்தச் செவியறை ஏறக்குறைய முழுதும் மூடியிருந்தால் அது பைராலிடே, திறந்திருந்து முன்னே ஒரு சிறு மடல் இருந்தால் கிராம்பிடே. முன்பு ஒன்றாக இருந்த குடும்பத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்கள். இன்று பெயரிடப்பட்டவற்றில் பைராலிடேயில் சுமார் 6,000 இனங்களும் கிராம்பிடேயில் சுமார் 10,000 இனங்களும் உள்ளன. இவற்றில் பயிருக்குத் தொல்லை தருபவை மிகச் சிறு பங்கு. மீதிப் பெரும்பான்மை காட்டிலும் புல்வெளியிலும் குளக்கரையிலும் நம் கணக்குக்கு வராமல் வாழ்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றின் புழு எதைத் தின்கிறது என்றுகூட யாரும் எழுதி வைக்கவில்லை. மறைவில் வாழும் புழுவைத் தேடிப் பிடிக்க வேண்டும். தாய்ப்பூச்சியோ தானே விளக்குக்கு வந்துவிடுகிறது. அருங்காட்சியகப் பெட்டிகளில் சிறகுகள் நிறைந்திருந்தும் வாழ்க்கைக் குறிப்புகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மறைவு என்றால் என்ன என்பதை நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சியிடம் நெருங்கிப் பார்க்கலாம். பெண் பூச்சியின் முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. அது இலை நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று நுனியிலுள்ள மயிர்க்கற்றையை உதிர்த்து அவற்றின்மேல் பழுப்புக் கம்பளி போல மூடிவிடுகிறது. தாய் எதையும் உண்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பே அதன் சில நாள் வாழ்வுக்கு முதல். பொரித்த புழு ஒரு பட்டிழையில் தொங்கிக் காற்றில் அடுத்த தூருக்குப் போய், இலையுறையின் இடுக்கில் நுழைந்து, தண்டைத் துளைத்து உள்ளே போகிறது. அதன்பின் வெளியே தெரிவது விளைவு மட்டும்தான். இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். கதிர் வந்தபின் தாக்கினால் மணி பிடிக்காத வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். விவசாயி பூச்சியின் வேலையைக் காணும்போது குற்றவாளி தண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடச் சொன்ன பழைய பரிந்துரையின் அருமை இங்கேதான் புரிகிறது. முட்டைக் குவியல் நுனியில் இருப்பதால், மறைவுக்குள் போகும் முன்பே அது வயலைவிட்டு வெளியேறுகிறது. அறுவடைக்குப் பின் தாளை மடக்கி உழுவதும் இதே அறிவின் மறுபக்கம். புழு அந்தத் தாளின் அடியில்தான் அடுத்த பருவத்துக்காகக் காத்துக் கிடக்கும்.

அதே நெல் வயலில் கூண்டுப்புழு வேறொரு மறைவைக் கட்டுகிறது. இலை நுனியை வெட்டி, ஓரங்களைப் பட்டால் இணைத்துக் குழாயாக்கி, அதற்குள் இருந்தபடி தேங்கிய நீரில் மிதந்து தூருக்குத் தூர் போகும். உடலின் பக்கங்களில் இழை இழையான செவுள்கள் உண்டு. நீரில் மூச்சுவிடும் கம்பளிப்புழு! நில வாழ்வுக்கே உரியதென்று நாம் நினைக்கும் அந்துப்பூச்சி வரிசையில் நீருக்குள் இறங்கிய பெருங்கூட்டம் இந்தக் கிராம்பிடேயின் ஒரு துணைக் குடும்பம்தான். ஐரோப்பாவில் ஓர் இனத்தின் பெண் பூச்சிகளில் பல, சிறகு குறுகி, வளர்ந்த பிறகும் நீருக்கடியிலேயே வாழ்கின்றன. கூண்டுப்புழுவுக்கு நெல் விவசாயி செய்ய வேண்டியது வயலின் நீரைச் சில நாள் வடித்துவிடுவதுதான். செவுளால் மூச்சுவிடும் புழுவுக்கு அதைவிடக் கொடிய மருந்து இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. புழு எப்படி வாழ்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

மறைந்து வாழும் இந்தப் பழக்கம்தான் இக்குடும்பத்தை வேறு யாரும் சீண்டாத உணவுகளுக்கும் இட்டுச்சென்றது. மறைவிடத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தின்னக் கற்றுக்கொண்ட புழுக்கள் மெழுகு, மாவு, உலர்பழம், சாணம், செதில்பூச்சி என்று பரவின. மாவுப் புழு ஏறக்குறைய ஈரமே இல்லாத மாவில் வளர்கிறது. உண்ட உணவை உடலில் எரித்து அதிலிருந்தே தனக்கு வேண்டிய நீரில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. தேனடையைத் துளைக்கும் பெரிய மெழுகுப்புழு வெறும் மெழுகில் செழிப்பதில்லை. பழைய அடையில் மகரந்தமும் தேனீக் குஞ்சுகள் உரித்த தோலும் சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் கறுத்த பழைய அடைகளும் ஆள் குறைந்த கூட்டங்களும் முதலில் விழுகின்றன. வலுவான தேனீக் கூட்டம் புழுவைத் தானே இழுத்து வெளியே போட்டுவிடும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத் விலங்கின் மயிருக்குள் ஒரு பைராலிடே இனம் வாழ்கிறது. விலங்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒருமுறை சாணமிட மரத்திலிருந்து இறங்கும்போது பெண் பூச்சி அதில் முட்டையிடுகிறது. புழு சாணத்தில் வளர்ந்து, சிறகு முளைத்ததும் மேலே பறந்து இன்னொரு ஸ்லாத்தைத் தேடுகிறது. இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது நம் தானியக் கிடங்கும் புதுமையான இடமாகத் தெரிவதில்லை. உதிர்ந்த விதைக் குவியலிலும், உலர்ந்த பழத்திலும், தேனீ, குளவிக் கூடுகளின் எச்சத்திலும் வாழ்ந்த பூச்சிக்கு, இருட்டான வறண்ட கிடங்கு அதே வீட்டின் பெரிய பதிப்பு. அது பீடையாகப் பிறக்கவில்லை. அதற்குப் பிடித்த வீட்டை நாம் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் கட்டிக்கொடுத்தோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மறைவில் வாழ்வது இக்குடும்பத்துக்கு மட்டும் உரியதா? பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு குடும்பம், அதுவும் காய்க்குள்தான் இருக்கிறது. ஆப்பிள் துளைக்கும் புழுவும் வேறு குடும்பம். உண்மைதான். மறைவு இவர்களின் தனியுடைமை என்று சொன்னால் அது பிழையாகும். நான் சொல்வது அதைவிடச் சிறியது, ஆனால் பயன் கூடியது. 16,000 இனங்கள் கொண்ட ஒரு கிளையில் தண்டு, காய், மெழுகு, நீர், சாணம், மாவு என இத்தனை வகை வாழ்விடங்களையும் கோத்துப் பிடிக்கும் நூல் வேறு எதுவும் இல்லை. இரண்டாவது மறுப்பு சற்று வலுவானது. நெல்லின் இலைச்சுருட்டுப்புழு இலையை மடக்கி உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டுவது வெளிப்படையாகத் தெரிகிறதே, அங்கே மறைவு என்ன காப்பாற்றியது? அது விவசாயியின் கண்ணிலிருந்து மறைக்கவில்லை என்பது சரி. ஆனால் அந்தத் தெரிதலே பெரிய கேடு விளைத்தது. வெளுத்த இலையைக் கண்டு பதறி, நட்ட சில வாரங்களிலேயே மருந்தடிப்பது ஆசியா முழுவதும் பழக்கமாயிற்று. இளம் நெற்பயிர் அந்த இலை இழப்பைத் தானே ஈடுசெய்துவிடும் என்பதும், முன்கூட்டித் தெளிக்கும் மருந்து சிலந்திகளையும் ஒட்டுண்ணிகளையும் கொன்று புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்கு வழிவிடும் என்பதும் பிறகு தெளிவாயிற்று. வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்தில் 1990களில், முதல் 40 நாள் இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து வேண்டாம் என்று விவசாயிகளிடம் வானொலி நாடகம் வழியாகவும் துண்டறிக்கை வழியாகவும் சொன்ன இயக்கம் இந்தப் புரிதலின் மேல் எழுந்தது. மருந்தடிப்பு கணிசமாகக் குறைந்தது.

பீடை, நண்பன் என்ற பிரிவு பூச்சியின் இயல்பில் இல்லை என்பதற்குக் கள்ளிப்பூச்சியைவிட நல்ல சாட்சி கிடையாது. காக்டோபிளாஸ்டிஸ் காக்டோரம் என்ற அந்தப் பைராலிடே இனம் அர்ஜென்டினாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. பெண் பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு குச்சி போல நீட்டும். பார்த்தால் கள்ளியின் முள் என்றே தோன்றும். பொரித்த புழுக்கள் எல்லாம் கூட்டமாக ஒரே துளையில் நுழைந்து சப்பாத்திக்கள்ளியின் மடலை உள்ளிருந்து கூழாக்கிவிடும். ஒற்றைப் புழுவால் கள்ளியின் பசைச்சாற்றைத் தாங்க இயலாது, கூட்டமாகப் போவதே அவற்றின் பலம். 1920களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தைக் கள்ளி ஆக்கிரமித்திருந்தது. 1914இல் முதலில் கொண்டுவந்த பூச்சிகள் வளராமல் அழிந்தன. 1925இல் ஆலன் டாட் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த முட்டைகள், மூவாயிரத்தை எட்டாத எண்ணிக்கை, பிழைத்தன. எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று சோதித்தபின் 1926இல் வெளியே விட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் கள்ளிக்காடு சரிந்து விழுந்தது. சின்சிலா என்ற ஊருக்கு அருகே பூனார்காவில் மக்கள் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே கட்டினார்கள். இதே பூச்சியை 1957இல் கரீபியத் தீவான நெவிஸில் விட்டார்கள். அங்கிருந்து தீவு தீவாகப் பரவி 1989இல் புளோரிடாவில் தென்பட்டது. அங்கே அருகிவரும் சொந்தக் கள்ளி இனங்களைத் தின்னத் தொடங்கியது. 2006இல் மெக்சிகோவின் கரையோரத் தீவொன்றில் காணப்பட்டபோது, கள்ளியை உணவாகவும் தீவனமாகவும் பயிரிடும் அந்த நாடு பெரும் செலவில் அதை ஒழித்தது. பூச்சி இரு இடங்களிலும் ஒரே வேலையைத்தான் செய்தது. ஆஸ்திரேலியாவில் சொந்தக் கள்ளி எதுவும் கிடையாது, அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. வேறுபாடு அவ்வளவே. தென்னிந்தியா இதே கள்ளித் தொல்லையை 1926க்குப் பின், இலங்கை வழியாக வந்த ஒரு கொச்சினீல் செதில்பூச்சியைக் கொண்டு அடக்கியது. அந்தக் கதையிலும் எந்தச் செதில்பூச்சி இனம் எந்தக் கள்ளி இனத்தைத் தின்னும் என்ற நுணுக்கமே வெற்றியைத் தீர்மானித்தது.

மறைவில் வாழும் புழுவை வெல்லும் வழிகள் இரண்டுதான். ஒன்று, மறைவுக்குள் போகும் முன் பிடிப்பது. மற்றொன்று, மறைவுக்குள்ளேயே போய்ச் சேர்வது. முதல் வழிக்குத் தமிழ்நாட்டில் சிறந்த உதாரணம் முட்டை ஒட்டுண்ணி அட்டை. டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்கு எட்டாத குளவி அந்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. புழு பொரிக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி வருகிறது. இந்தக் குளவியை லட்சக்கணக்கில் வளர்க்க முட்டை வேண்டுமே, அதைத் தருவது அரிசி அந்துப்பூச்சி கோர்சைரா. அதுவும் ஒரு பைராலிடே. உடைத்த கம்பில் அந்தப் பூச்சியை வளர்த்து, முட்டைகளைப் புற ஊதாக் கதிரில் காட்டிப் புழு பொரிக்காதபடி செய்து, அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுக்கிறார்கள். குளவி குடியேறிய அட்டையைத் துண்டுகளாக்கிக் கரும்புத் தோகையில் கட்டினால் இடைக்கணுப்புழுவின் முட்டைகளைக் குளவி தேடிப்போகிறது. கிடங்கில் நாம் ஒழிக்கப் பாடுபடும் பூச்சியே, ஆய்வுக்கூடத்தில் அதன் உறவுக்காரப் பூச்சியை வயலில் அடக்கும் கருவியாகிறது. ஆனால் இதிலும் இன அறிவு இல்லாமல் நடக்காது. மஞ்சள் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலை மூடிய மயிர்ப்போர்வை டிரைக்கோகிரம்மாவுக்குப் பெரிய தடை. நீண்ட முட்டையிடு உறுப்புள்ள டெட்ராஸ்டிகஸ் என்ற வேறொரு குளவி அந்தப் போர்வையைத் தாண்டிக் குத்துகிறது. கரும்பில் வென்ற அட்டை நெல்லில் அதே அளவுக்கு வெல்லாதபோது குறையை அட்டையில் தேடக் கூடாது, மயிர்ப்போர்வையில் தேட வேண்டும்.

இரண்டாவது வழிதான் பிடி கத்தரி. அதன் கதையும் இதே குடும்பத்தில்தான் தொடங்குகிறது. 1911இல் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்ற ஜெர்மானியர், துரிங்கியா பகுதி மாவு ஆலையொன்றின் நோயுற்ற மாவுப் புழுக்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்த பாக்டீரியாவுக்கு அந்தப் பகுதியின் பெயரே நிலைத்தது: பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ், சுருக்கமாகப் பிடி. அதன் நச்சுப் புரதத்தைப் புழு தின்றால்தான் சாகும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. கத்தரிக் காய்ப்புழுவோ பொரித்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்து, துளையைத் தன் கழிவால் அடைத்துவிடுகிறது. வெளியே தெளிப்பது உள்ளே எட்டாது. அதனால்தான் விவசாயி வாரம் ஒருமுறை, சில நேரம் இன்னும் அடிக்கடி, மருந்தடிக்கிறார். அதனால்தான் நச்சுப் புரதத்தைச் செடிக்குள்ளேயே வைக்கலாம் என்ற எண்ணமும் வந்தது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அப்படி உருவான பிடி கத்தரிக்குத் தடை போடப்பட்டது. வங்கதேசம் 2013இல் அனுமதித்து மறு ஆண்டு பயிரிட்டது. பாதுகாப்பு, விதை உரிமை, நாட்டு ரகங்கள் பற்றிய விவாதங்கள் முக்கியமானவை. ஆனால் பூச்சியின் வாழ்க்கை எழுப்பும் கேள்வியே குறைவாகப் பேசப்படுகிறது என்று நினைக்கிறேன். பல பயிர்களில் மேயும் வேறு வகைக் காய்ப்புழுவுக்கு நஞ்சில்லாத வேறு செடிகள் சுற்றிலும் உண்டு, அங்கு வளரும் பூச்சிகள் கலப்பதால் எதிர்ப்புத் திறன் பெருகுவது தாமதமாகும். கத்தரிப் புழு பெரும்பாலும் கத்தரியையே நம்பி வாழ்கிறது. ஆகவே நஞ்சில்லாக் கத்தரி வரிசையை ஓரத்தில் விட்டுவைப்பது விருப்பம்போல் செய்வதல்ல, அந்தத் தொழில்நுட்பத்தின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருப்பவர் புழுவுக்கென்று ஒரு வரிசையை விட்டுக்கொடுப்பாரா? ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இதுவே.

இப்போது பெயர் விவகாரத்துக்கு வரலாம். விவசாயிக்கு எதற்கு லத்தீன் பெயர், துளைக்கும் புழு துளைக்கும் புழுதானே என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அந்த வாதம் எங்கே உடைகிறது என்று பாருங்கள். மஞ்சள் நிறச் சிறகில் கரும்புள்ளிகள் தெளித்த கோனோகெத்தெஸ் பங்க்டிஃபெராலிஸ் ஆமணக்குக் காய், கொய்யா, ஏலக்காய், இஞ்சி என எல்லாவற்றையும் துளைக்கும் ஒரே பூச்சி என்று கையேடுகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. ஆமணக்கில் வளர்ந்தவையும் ஏலத்தில் வளர்ந்தவையும் ஒத்துப்போகவில்லை என்ற ஐயத்தைத் தொடர்ந்து, இஞ்சிக் குடும்பச் செடிகளைத் துளைப்பது தனி இனம் என்று 2018இல் நிறுவி அதற்குக் கோனோகெத்தெஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஒரே பூச்சி என்று நம்பி, ஏலத்தோட்டத்தைக் காக்க அருகிலுள்ள ஆமணக்கை அழிப்பவர் வீண்வேலை செய்கிறார். ஓர் இனத்துக்காகச் செய்த கவர்ச்சிப்பொறி மற்ற இனத்துக்கும் வேலை செய்யும் என்றும் எண்ணிவிட முடியாது. கத்தரிப் புழுவிலும் இதே நடந்தது. ஆப்பிரிக்காவில் கத்தரி, கத்தரி போன்ற காய்களைத் துளைப்பதும் நம்முடைய லூசினோடெஸ் ஆர்போனாலிஸ்தான் என்று நம்பியிருந்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு, சகாராவுக்குத் தெற்கே இருப்பவை வேறு பல இனங்கள் என்று காட்டியது. காய் ஏற்றுமதி, தனிமைப்படுத்தல் சட்டம், இயற்கை எதிரிகளைத் தேடிப் போகும் இடம் எல்லாமே இதில் அடங்கியிருக்கின்றன.

இன்று மரபணுக் குறியீட்டைப் படித்தாலே இனம் தெரிந்துவிடும், பழைய வகைப்பாட்டியல் தேவையில்லை என்போரும் உண்டு. அந்தக் கருவியின் பயனை மறுப்பதற்கில்லை. மேற்சொன்ன இரண்டு கண்டுபிடிப்புகளிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் குறியீடு சொல்வது இரண்டு பூச்சிகளும் வேறு என்பதை மட்டுமே. எது எந்தச் செடியில் வளர்ந்தது, எங்கே முட்டையிட்டது, எந்தக் குளவி அதை அழித்தது என்பதை அது சொல்லாது. ஒப்பிடப் பெயரிட்ட மாதிரி இல்லாவிட்டால் குறியீடு வெறும் எழுத்து வரிசை. நம் பகுதிக்கான அடிப்படையோ மிகப் பழையது. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து அந்துப்பூச்சிகளில் ஈடுபட்ட ஜார்ஜ் ஹாம்ப்சன், பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொடரில் எழுதிய நான்கு தொகுதிகளில் கடைசி 1896இல் வந்தது. இந்தியாவின் பைராலிடே இனங்களைப் பற்றி யார் தொடங்கினாலும் இன்றும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டியிருக்கிறது. சிறகை வைத்து எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில் புழுக்களைப் பற்றி இருப்பது மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப ஆகும் செலவு பெரிதல்ல. வேளாண் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் துளைபட்ட ஒரு தண்டையோ காயையோ வலைமூடிய பாட்டிலில் வைத்து, வெளிவரும் பூச்சியையும் குளவியையும், செடியின் பெயர், இடம், தேதி எழுதிய சீட்டோடு குத்தி வைத்தால் போதும். கோவையின் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சிச் சேகரிப்புக்கு வந்து சேரும் அத்தகைய சீட்டு ஒவ்வொன்றும், புழு எதைத் தின்று வளர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லாத ஓர் இனத்துக்கு அந்த முதல் வரியாக அமையக்கூடும்.